கை நனைக்காத ராஜா

மருதங்குளம் என்று ஒரு சின்ன ராஜ்யம். அதை ஆண்ட மார்த்தாண்ட பூபதிக்குத் திடீரென்று உடம்பைத் தேற்றும் ஆசை வந்துவிட்டது. பக்கத்து நாட்டு ராஜா ஒருவர் விருந்துக்கு வந்தவர், அரண்மனை முற்றத்தில் கிடந்த இளவட்டக்கல்லைப் பேச்சுவாக்கில் தோளுக்கு ஏற்றி, பேச்சுவாக்கிலேயே கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். பூபதிக்கு அது தாங்கவில்லை.

மறுநாளே பயிற்சி ஆரம்பமானது. முதலில் கர்லாக்கட்டை. அது கைநழுவிப் பறந்து சேனாதிபதியின் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு போனது. அடுத்து இளவட்டக்கல். ராஜா அசைந்தார், கல் அசையவில்லை. கடைசியில் அரண்மனைப் பயில்வான்களுக்குப் பாடம் சொல்லும் வஸ்தாது வயிரவன், தண்டால்தான் சரிப்படும் என்று சொன்னார். தரையில் கையூன்றி உடம்பை இறக்கி ஏற்ற வேண்டும், தினம் நூறு எடுத்தால் மூன்றே மாதத்தில் கல் பூப்பந்தாகிவிடும் என்று ஆசை காட்டினார். அந்த உற்சாகத்தில் பூபதி குலதெய்வத்தின் சந்நிதிக்கே போய், சபை முழுவதும் கேட்கச் சத்தியம் செய்துவிட்டார்.

"இன்று முதல் மூன்று மாதம், தினமும் நூறு தண்டால் எடுக்காமல் கை நனைக்க மாட்டேன்."

முதல் நாள் எப்படியோ நூறு முடிந்தது. வஸ்தாது எண்ணிய வேகத்தில் நாற்பதுக்கு அடுத்து அறுபது வந்ததை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் ராஜாவால் மீசையைத் தொடக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. தண்டால் இல்லை, ஆகவே சோறும் இல்லை. மூன்றாம் நாளும் அப்படியே. ராஜா சாப்பிடாமல் அரண்மனையில் யாரும் சாப்பிடக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். மந்திரிகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

இதில் அதிகம் வாடியவர் ஆவுடையப்பன். சபையில் சமயோசிதமாகப் பேசிப் பெயர் வாங்கியவர், ஆனால் வயிறு நிறைந்தால்தான் அவருக்கு வாய் திறக்கும். இரண்டு நாளாக மடைப்பள்ளிப் பக்கம் போய்ப் புளிக்குழம்பு வாசனையை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வஸ்தாதுக்கு அவரைக் கண்டால் ஆகாது. சத்தியத்தைக் கைவிடச் சொல்பவன் ராஜத் துரோகி, அதை முதலில் சொல்லப்போவது ஆவுடையப்பன்தான் என்று ராஜாவின் காதில் முன்கூட்டியே ஓதி வைத்திருந்தார்.

பூபதி ஆவுடையப்பனைக் கூப்பிட்டனுப்பினார். பசியில் குரலே எழும்பவில்லை. "சத்தியமும் உடையக் கூடாது, நான் சாப்பிடவும் வேண்டும். வழி சொல்லும். இல்லையென்றால் பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போய்விடும்."

ஆவுடையப்பன் குலதெய்வச் சந்நிதியின் பூசாரியிடம் போனார். சத்தியத்தின் வார்த்தைகளை அப்படியே ஒருமுறை சொல்லும்படி கேட்டார். பூசாரி சொன்னார். ஆவுடையப்பன் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, நேரே ராணியிடம் போனார். சற்று நேரத்தில் ராணி தலைவாழை இலையோடு வந்து ராஜாவின் எதிரே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை நீட்டினாள்.

பூபதி மிரண்டுபோய்ச் சத்தியம் என்னாவது என்று கேட்டார்.

"கை நனைக்க மாட்டேன் என்றுதானே சொன்னீர்கள், மகாராஜா? கை காய்ந்துதான் இருக்கிறது. வாயைப் பற்றிச் சத்தியத்தில் ஒரு வார்த்தையும் இல்லையே" என்றார் ஆவுடையப்பன்.

ராஜா தம் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். அடுத்த கணமே அரண்மனை எங்கும் இலை விழுந்தது. ராணியால் சிரிப்பை அடக்க முடியாமல் ரசம் ராஜாவின் மீசையில் வழிந்தது. ஆவுடையப்பன் மூன்று முறை சோறு வாங்கினார்.

வஸ்தாது மட்டும் சாப்பிடவில்லை. மூன்று மாதமும் இப்படி ஊட்டிவிட்டால் ராஜா கல்லைத் தூக்குவது எப்போது என்று கேட்டார். ராஜாவின் வாய் பாதியில் நின்றது.

கேள்வி நியாயமானது என்று ஆவுடையப்பனே ஒப்புக்கொண்டார். நல்ல தண்டால் எப்படி இருக்கும் என்று வஸ்தாதே செய்து காட்டட்டும், நூறையும் நானே எண்ணுகிறேன் என்றார்.

வஸ்தாது பாயில் இறங்கினார். முதுகு பலகை மாதிரி நேராக இருந்தது. மார்பு தரையைத் தொட்டும் தொடாமலும் இறங்கியது, முழங்கை முழுசாக நிமிர்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. முப்பத்தொன்றுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன்பின் இடுப்பு தொய்ந்தது.

"முப்பத்தொன்று" என்றார் ஆவுடையப்பன்.

வஸ்தாது இன்னொன்று எடுத்தார். அதுவும் முப்பத்தொன்றுதான். எண்ணிக்கை ஏன் நகரவில்லை என்று அவர் மூச்சுவாங்கக் கேட்டார்.

"இடுப்பு நேராகட்டும், எண்ணிக்கை தானாக நகரும்."

சபையே ராகம் போட்டு முப்பத்தொன்று, முப்பத்தொன்று என்று எண்ணியது. பத்தாவது முப்பத்தொன்றில் வஸ்தாது குப்புற விழுந்தார்.

வஸ்தாதுக்கே ஒழுங்காக வருவது முப்பத்தொன்று என்றால், புதிதாகத் தொடங்குபவர் தரையில் நூறு எடுப்பது உடம்புக்குச் செய்யும் அநியாயம் என்றார் ஆவுடையப்பன். தரையில்தான் என்றோ, ஒரே மூச்சில் என்றோ சத்தியத்தில் இல்லை. இந்த வாரம் சுவரில் கையூன்றி, முதுகை நேராக வைத்து, நிதானமாகப் பத்துப் பத்தாக எடுக்கலாம். கை தேறியதும் தாழ்வான மேடையில், அப்புறம் தரையில். பூபதி உடனே சுவரில் பத்து எடுத்துப் பார்த்தார். ஒரு வலியும் இல்லை. முகம் மலர்ந்துவிட்டது. அன்று சுவரில் தொடங்கியவர்தான் மூன்று மாதத்தில் அந்தக் கல்லை முழங்கால் உயரம் தூக்கி ஊரையே கூப்பிட்டுக் காட்டினார்.

"எனக்குச் சுவர் கிடைத்தது. கர்லாவா, கல்லா, தண்டாலா, உமக்கு ஏற்ற பயிற்சி எது?" என்று அன்று சுவரில் பத்து முடித்த கையோடு பூபதி கேட்டார்.

ஆவுடையப்பனுக்குக் கண் சொக்கிக்கொண்டிருந்தது. பாயில் அசையாமல் குப்புறக் கிடந்த வஸ்தாதைக் காட்டினார்.

"இப்போது வஸ்தாது செய்துகொண்டிருக்கிறாரே அதுதான், மகாராஜா. சாப்பாடு முடிந்ததும் தினம் தவறாமல் செய்கிறேன்."

முதலில் சிரித்தது பாயில் கிடந்த வஸ்தாதுதான். ராஜா சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்றே ஆவுடையப்பனுக்கு இலவம்பஞ்சு மெத்தை ஒன்று பரிசாக வந்தது. தனக்கும் ஒன்று கிடைக்குமா என்று வஸ்தாது படுத்தபடியே கேட்டார்.