மஞ்சள் தண்ணீர் தெளித்த மரம்

நத்தம் பக்கத்து மடத்தில் முத்திருளப்பன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மூட்டை என்ன பெரிய மூட்டை, ரெண்டு வேட்டி, ஒரு சொம்பு. 

ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். அவர் வண்டியில் அடிபட்டு ஒரு ஆள் செத்துப்போனான். இனி எந்த உயிரையும் கொல்வதில்லை என்று இந்த மடத்துக்கு வந்து சத்தியம் செய்தார். கொசு கடித்தாலும் ஊதித்தான் விடுவார். தன்னைவிட இருபது வயசு இளையவளான ஞானாம்பாளைக் குருவாக ஏற்றுப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

இப்போதுதான் வந்தது வம்பு. மடத்தின் முதல் சாமியைச் சமாதி வைத்த இடத்து மாமரத்தில் மூணு வருஷமாகப் பழமெல்லாம் புழு. பழ ஈ செய்கிற வேலை. குருபூஜைக்குப் படைக்க ஒரு பழம் தேறவில்லை.

அன்று காலையில் ஞானாம்பாள் ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"பூஞ்சைப் பொடி அண்ணே. மரத்தடி மண்ணுல கலந்து விடுங்க. பழத்துலேருந்து விழுந்து மண்ணுக்குள்ள போற புழுவை இது பிடிச்சுக்கும்."

"பிடிச்சுக்கும்னா?"

"செத்துப்போகும்."

அவ்வளவுதான், மூட்டை.

ஞானாம்பாள் தடுக்கவில்லை. "போறதுன்னா போங்க. முன்னால மண்வெட்டியோட ஒரு நடை வாங்க" என்றாள்.

சமையல்கட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் இன்னொரு மாமரம். அதை யாரும் சீண்டுவதில்லை. கணுக்கால் வரைக்கும் சருகு. பழமோ, கண்ணுபடும் போல இருக்கும்!

"வெட்டுங்க."

ஈர மண்ணுக்குள் அரிசி அளவில் கூட்டுப்புழுக்கள். எல்லாவற்றின்மேலும் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை.

"இங்க பொடி போட்டது யாரு?"

"யாரும் போடலையே அம்மா. மண்ணுல தானா இருந்திருக்கு."

அடுத்து சமாதி மரத்தடி. அங்கே ஒரு சருகு கிடையாது. வெட்டினால் கூட்டுப்புழு பழுப்பாக, கொழுகொழுவென்று வந்தது. பூஞ்சை மருந்துக்கும் இல்லை.

"இங்க ஏன் இல்லை அண்ணே?"

முத்திருளப்பன் மண்ணை மோந்து பார்த்தார். மஞ்சள் வாசனை. மூணு வருஷமாக விடிந்ததும் பெருக்கி, மஞ்சள் தண்ணீர் தெளிப்பவர் அவரேதான். சாமி இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமல் தானே ஏற்றுக்கொண்ட வேலை.

மஞ்சள் பட்ட இடத்தில் பூஞ்சை பிடிக்காது என்பது அவருக்கும் தெரியும். "ஐயையோ! அந்தப் பூஞ்சைக்கும் உயிர் இருக்கா அம்மா?"

"இல்லாமயா வளருது?"

"அப்போ இத்தனை நாளா கொன்னது நானா? ஈயை வளர்த்ததும் நானா? ஒண்ணும் புரியலையே."

ஞானாம்பாள் ஒரு கூடையை அவர்முன் வைத்தாள். "பொடி வேணாம். அந்த மரத்தடி மண்ணை அள்ளி இங்க கொட்டுங்க."

"கொட்டினா புழு சாகும்."

"சாகும்."

"கொட்டலைன்னா?"

"கண்ணுக்குத் தெரியாம மண்ணுல மிச்சமிருக்கிற பூஞ்சையும் நாளைக்கு உங்க மஞ்சள் தண்ணியில சாகும்."

"நாளைக்கு நான் தெளிக்கலை. பெருக்கவும் மாட்டேன்."

"அப்பவும் பூஞ்சை வளர்ந்து புழுவைப் பிடிக்கும்."

முத்திருளப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. கூடையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். கடைசியில் மூட்டையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார்.

"எனக்கு இந்தப் பாவமே வேணாம் அம்மா. நான் போயிடுறேன்."

வாசலுக்குப் போகும் வழியெல்லாம் புல். அதில் எறும்புச் சாரை.

"போங்க அண்ணே" என்றாள் ஞானாம்பாள். "காலை எங்க வைப்பீங்க?"

முத்திருளப்பன் தூக்கிய காலோடு நின்றார்.