கோடு போட்டவனுக்கு வேலை இல்லை

நாமக்கல் பட்டறையில் லாரிச் சக்கரத்துக்குப் பாலிஷ் போடுவதில் பாவாயியை அடிக்க ஆள் கிடையாது. எத்தனை கீறல் விழுந்த அலுமினியமானாலும் முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிடுவாள். அவளிடமே லாரி முதலாளி பொங்கியண்ணன் மூன்றாம் தடவையாக வந்து குதித்தார்.

“நீ போடுற பாலிஷ் மறுநாளே கோடு கோடா கெடக்குது! டிரைவர் சென்னியப்பன் எங்கியோ உரசறான். கோடு போட்டவனுக்கு இனி எங்கிட்ட வேலை இல்லை!”

பாவாயி குனிந்து பார்த்தாள். வண்டி உரசினால் விளிம்பில்தான் கீறும். இதுவோ நடுவில், கை தடவுகிற இடத்தில். தினம் காலையில் சக்கரத்தைத் தடவிக் கொடுக்காமல் முதலாளிக்குப் பொழுது விடியாது. அவர் வலக்கையிலோ கடலை அளவு வைர மோதிரம், தொளதொளவென்று கல் உள்ளங்கைப் பக்கம் திரும்பிக் கிடந்தது.

மறுபடியும் பாலிஷ் போட்டு முடித்தாள்.

“எல்லாரும் பார்க்கத் தடவிப் பாருங்க மொதலாளி. முதல்ல இடக்கையில.”

தடவினார். பளபளவென்று இருந்தது.

“இப்ப வலக்கையில.”

தடவினார். வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

“டிரைவரண்ணன் எதிர்க்கடையில டீ குடிச்சிட்டு இருக்காருங்க. கோடு மட்டும் எப்படிங்க வந்துச்சு?”

பட்டறையே சிரித்தது.

“சரி சரி, அதையும் தேய்ச்சுக் குடு,” என்று முனகினார் முதலாளி.

“தேய்ச்சுடலாமுங்க. கோடு போட்டவனுக்கு வேலை இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? மொதல்ல அந்த மோதிரத்தை வேலையை விட்டு நிறுத்துங்க.”

பொங்கியண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆசை தீரத் தடவினார்.