நடுகல்லின் கேடயம்

ஒரு காலத்தில் வடகரைக்கும் தென்கரைக்கும் பெரிய சண்டை நடந்த பொட்டல் அது. நடுவில் ஒரு நடுகல். வடகரைக்காரர்களுக்கு அதுதான் சாமி. ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு முதல் நாள் எனாமல் பெயிண்டை எடுத்து அப்பிவிடுவார்கள். மழையில் தேய்ந்த முகத்துக்கு முறுக்கு மீசை, இடுப்போரத்து உருண்டைக்கு வெள்ளிக் கலர். அது கேடயமாம்!

தென்கரைக்காரர்கள் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். "எங்க ஆளுங்களை வெட்டிச் சாய்ச்சவனுக்குக் கும்பிடு ஒரு கேடா?" என்பார்கள்.

பாவம், பெயிண்டுக்குள் கல்லுக்கு மூச்சு முட்டியது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பித்தது.

பூசாரி வீரணன் பதறிப்போய், பழைய கற்களைச் சீர்செய்யும் கோமளவல்லியைக் கூட்டிவந்தார். "புதுசா ஒரு முகம் செதுக்கிடும்மா. கையில வாளும் வேணும்."

கேட்டதும் உளிக்குத் தலைகால் புரியவில்லை. "கவலையை விடு கல்லே! உன்னைச் சீவித் தள்ளிட்டு ஒரு சூரனை நிறுத்திடுறேன்."

"ஐயோ, சீவிட்டா நான் எங்கே இருப்பேன்?" என்று நடுங்கியது கல்.

"நான் போனா மட்டும் இருப்பியாக்கும்!" என்றது பெயிண்ட். "என் பளபளப்பைப் பார்த்துத்தான் உன்னை நாலு பேர் கும்பிடுறாங்க."

கல்லுக்கு அழுகையே வந்துவிட்டது. முகம் போனால் போகட்டும், யாருக்காக நின்றோம் என்பதும் சேர்ந்து போய்விடுமோ என்று பயந்தது.

கோமளவல்லி உளியைப் பைக்குள் போட்டாள். "அண்ணே, முதல்ல மேல இருக்கிறதை எடுத்துப் பார்ப்போம். அப்புறம் உங்க இஷ்டம்." பெயிண்டை இளக்கும் பசையைத் தடவி, மூங்கில் குச்சியால் மெல்ல வழித்தாள். பெயிண்ட் திட்டிக்கொண்டே உரிந்தது.

கேடயத்தைக் காணோம். அங்கே ஒரு தோல்பை இருந்தது. அதன் வாயிலிருந்து கோடு கோடாகத் தண்ணீர். காலடியில் இரண்டு பேர் வெட்டுப்பட்டுக் கிடந்தார்கள். இரண்டு பேர் வாயிலும் தண்ணீர் விழுந்தது.

"தண்ணி கொடுத்தவனா?" வீரணனுக்கு முகம் சுண்டிப்போனது. "வாள் எடுத்தவன் இல்லையா? ஊருக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

பைக்குள்ளிருந்து உளி எட்டிப் பார்த்தது. கல்லுக்குப் பக்கென்றது.

வீரணன் குனிந்து பார்த்தார். "இந்த ஆளுக்கு வலக்கொண்டை, எங்க பாட்டன்மார் போட்டது. அந்த ஆளுக்கு இடக்கொண்டை..." இடக்கொண்டை தென்கரைக்காரர்களுடையது.

சேதி எப்படித்தான் பரவியதோ! சாயங்காலம் தென்கரையிலிருந்து சிவனம்மாள் வந்து, எட்டத்திலேயே நின்றாள். "நானும் பார்க்கலாமா சாமி? தென்கரைதான் நான்."

வீரணன் கல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"தண்ணி ஊத்தினவரே எந்த ஊருன்னு கேட்கலை. நான் யாரு கேட்க? கிட்ட வா தாயி."