எலுமிச்சம்பழம் ஏறாத சிவப்பு வண்டி

மூங்கில் காட்டின் ஓடைக்கரையில் இருளாண்டி என்ற முள்ளம்பன்றியும் அவன் மனைவி பேச்சியும் வசித்தார்கள். ஆறு மாதம் பாடுபட்டுத் தோண்டிய கிழங்குகளை ஓடைக்குப் பக்கத்தில் ஒரு குழியில் சேர்த்து வைத்திருந்தார்கள். மழைக்காலம் முழுவதும் அவர்களுக்கும் மூன்று குட்டிகளுக்கும் அதுதான் சாப்பாடு.

அந்த ஆண்டு எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு சீக்கிரமே மேடு ஏறின. பத்து நாளில் மழை வரும். ஓடை பெருகும். குழி மூழ்கும். அதற்குள் கிழங்கை மலைமேல் இருந்த குகைக்கு மாற்றியாக வேண்டும். வாயில் கவ்விக்கொண்டு போனால் ஒரு நாளைக்கு நாலு கிழங்கு போகும். குழியில் கிடந்தது எண்ணூறு.

"ஒரு மேட்டு வண்டி வாங்கிவிடலாம்" என்றான் இருளாண்டி.

மேட்டு வண்டி என்றால் பாறை, பள்ளம், சேறு எதிலும் ஏறி இறங்கும் நாலு சக்கர மோட்டார் வண்டி. அதை விற்றுவந்த நரி கோலப்பன் மட்டும் ஏ.டி.வி. என்பான். அப்படிச் சொன்னால் இரண்டு தேனடை கூடுதலாகக் கேட்கலாம் என்பது அவன் அனுபவம். அந்தக் காட்டில் காசுக்குப் பதில் தேனடைதான் செல்லுபடி.

இருளாண்டி குடும்பத்திடம் இருந்தது பன்னிரண்டு தேனடை. அதைத் துணிப்பையில் கட்டிப் பேச்சி தோளில் மாட்டிக்கொண்டாள். வண்டி விவரம் தெரிந்தவன் என்று குரங்கு சுடலையையும் கூட்டிப் போனார்கள். சுடலைக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் பல வண்டிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறான்.

கோலப்பனின் கடை, காட்டு முனையில் இருந்த ஒரு வழவழப்பான பாறை.

"வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி. பட்ஜெட் எவ்வளவு?"

"பன்னிரண்டு தேனடை" என்றான் இருளாண்டி.

பேச்சி அவன் காலை மிதித்தாள். அதற்குள் அவன் சொல்லி முடித்திருந்தான்.

"என்ன பொருத்தம் பாருங்க" என்றான் நரி. "இந்தச் சிவப்பு வண்டி விலையும் பன்னிரண்டுதான்."

"இதையே நேற்று முயலிடம் ஒன்பது சொன்னீராமே" என்றாள் பேச்சி.

"முயலிடம் ஒன்பதுதான் இருந்தது, மதினி."

சுடலை சிவப்பு வண்டியின் மேல் தாவி ஏறி ஹாரனை அழுத்தினான். அது ஏழு விதமாகக் கூவியது. "அண்ணாச்சி, வேறு யோசனையே வேண்டாம். இது ராஜா வண்டி."

இருளாண்டி பாறை மேல் மூன்று சுற்று ஓட்டிப் பார்த்தான். வெண்ணெயில் வழுக்குவது போலப் போனது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபோது அவனுக்கே தன்மேல் மரியாதை வந்தது.

மூலையில் மண் நிறத்தில் இன்னொரு வண்டி நின்றது. உடம்பெல்லாம் நசுங்கல். ஒரே ஒரு விளக்கு.

"அது என்ன விலை?" என்று பேச்சி கேட்டாள்.

"அது எதுக்கு மதினி? தேயிலைத் தோட்டத்தில் மூட்டை சுமந்த கிழடு. எட்டுக்குத் தருவேன். ஆனால் அண்ணாச்சி அதில் போனால் ஊர் என்ன பேசும்?"

"சரியாகச் சொன்னார்" என்றான் இருளாண்டி. "பேச்சி, பையைக் கொடு."

"பூஜை போடாமல் தேனடை கைமாறாது."

சக்கரம் வைத்த எதை வாங்கினாலும், நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகே விலையைக் கொடுப்பது பேச்சியின் பிறந்த வீட்டு வழக்கம். மற்ற வீடுகளில் விலையைக் கொடுத்துவிட்டுத்தான் பழம் வைப்பார்கள். அவள் வீட்டில் மட்டும் ஏன் அப்படி என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது.

"வந்த இடத்தில் மானத்தை வாங்காதே" என்றான் இருளாண்டி.

நரி சிரித்தான். "இருக்கட்டும் அண்ணாச்சி. பழம் நம்ம செலவு."

நாலு பழம் வந்தது. சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார்கள். இருளாண்டி வண்டியை முடுக்கினான். வண்டி உறுமியது. புகை விட்டது. பழத்தைத் தொட்டது. நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம் முடுக்குங்க" என்றான் நரி.

முடுக்கினான். வண்டி நடுங்கியது. பழம் அசையவில்லை. சுடலை இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினான். அப்போதும் இல்லை.

"பழம் பெரிசு" என்றான் நரி. "காட்டு எலுமிச்சை. தோல் தடிமன்."

"நறுக்கி வைத்துப் பார்ப்போமா?" என்று சுடலை கேட்டான்.

பேச்சி குனிந்து, நசுங்காத பழத்தைக் கையில் எடுத்தாள்.

"அண்ணே, இது எந்த வேலைக்குச் செய்த வண்டி?" என்றாள் பேச்சி.

நரி வேறு பக்கம் பார்த்தான். "சுற்றுலா விடுதிப் புல்வெளியில் பிள்ளைகள் சுற்றி விளையாட."

"எங்கள் குகைக்குப் போகிற வழியில் பலாப்பழம் அளவுக்குக் கல் கிடக்கிறது."

"இருந்தாலும் சிவப்பு நல்ல சிவப்பு" என்றான் இருளாண்டி. பேச்சி பார்த்த பார்வையில் வண்டியை விட்டு இறங்கினான்.

அதே நாலு பழத்தையும் அவள் மண் நிற வண்டிக்கு முன்னால் வைத்தாள். "மூன்று மூட்டை கனம் இருந்தால்தான் எனக்குத் தெரியும். மூன்று பேரும் பின்னால் ஏறுங்கள்."

"நான் எதற்கு மதினி?" என்றான் நரி.

"நீங்களும் ஒரு மூட்டை கனம் இருப்பீர்கள்."

இடம் குறைவு. இருளாண்டிக்கும் சுடலைக்கும் நடுவில் நரி உட்கார நேர்ந்தது. முள்ளம்பன்றிக்குப் பக்கத்தில் நெருக்கி உட்காருவது எப்படி இருக்கும் என்று அவன் அதுவரை யோசித்ததில்லை.

பேச்சி முடுக்கினாள். நாலு பழமும் ஒன்றாக நசுங்கின. வண்டி நிற்காமல் பாறையை விட்டு இறங்கி, நேராக மலைப்பாதையில் ஏறியது. முதல் கல்லில் குலுங்கியது.

"ஐயோ! ஏழு!" என்று நரி கத்தினான்.

"என்ன ஏழு?" என்றாள் பேச்சி, திரும்பாமல்.

"விலை, மதினி. ஏழு தேனடை போதும். வண்டியைத் திருப்புங்க."

"மேலே இன்னும் செங்குத்தாக ஒரு இடம் இருக்கிறது. அதையும் பார்த்துவிடலாம்."

அடுத்த கல்லில் இன்னும் பலமாகக் குலுங்கியது.

"ஆறு" என்றான் நரி. இந்த முறை குரல் மெலிந்திருந்தது.

செங்குத்தான இடத்தையும் வண்டி ஏறியது. பேச்சி அங்கேயே நிறுத்தி, ஆறு தேனடையை எண்ணி அவன் கையில் வைத்தாள். நரி வண்டியில் திரும்ப மறுத்து, நடந்தே கடைக்குப் போனான்.

மீதி ஆறு தேனடையில் பெட்ரோலும், தேய்ந்த டயருக்கு மாற்றாக ஒன்றும் வாங்கினார்கள். பன்னிரண்டையும் சிவப்பு வண்டிக்கே கொடுத்திருந்தால் பெட்ரோலுக்கு ஒரு சொட்டுத் தேன்கூட மிஞ்சியிருக்காது என்பதை இருளாண்டி அன்று மாலைதான் கணக்குப் போட்டுப் பார்த்தான். வழியில் கண்டவர்களிடம், சிவப்பு விற்றுத் தீர்ந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் மழை பிடித்தது. கடைசி மூட்டையை ஏற்றும்போது ஓடைத் தண்ணீர் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி சேற்றில் ஒருமுறை திணறி, பிறகு ஏறிவிட்டது. மேலே குகை வாசலில் மூன்று குட்டிகளும் நின்றன. எண்ணூறு கிழங்கில் ஒன்றுகூடத் தண்ணீரோடு போகவில்லை.

கையில் கொஞ்சமே வைத்துக்கொண்டு பொருள் வாங்கப் போகிறவர்கள், அது தங்களுக்கு அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், தங்கள் சுமையைத் தாங்குமா என்று ஏற்றிப் பார்க்க வேண்டும்.