மழையில் நின்ற எல்

அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்துகள் எல்லாம் வாய் திறந்து பேசும். பேசும் என்றால் சும்மா இல்லை, ஊர்வம்பே பேசும். எழுத்தூர் என்று ஓர் ஊர். அங்கே ஒவ்வொரு சொல்லும் ஒரு வீடு. வீட்டுக்கு முன்பக்கம் ஒரு போர்ஷன், பின்பக்கம் ஒரு போர்ஷன், இரண்டையும் வாடகைக்கு விடுவார்கள்.

முன் போர்ஷனுக்கு வருகிறவர்கள் ஒரு தினுசு. ஹேப்பி வீட்டு முன்னால் அன் என்று ஒருத்தன் குடியிருந்தான். எதைச் சொன்னாலும் ‘அதெல்லாம் இல்லை’ என்பான், அவன் வந்ததிலிருந்து அந்த வீட்டில் சந்தோஷம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் ஒன்று, வீட்டுக்குள் யாரையும் நகரச் சொல்ல மாட்டான். தன் பாயைத் தானே விரித்துக்கொள்வான். வம்பெல்லாம் பின் போர்ஷனில்தான். நம் கதையும் அங்கேதான் நடந்தது.

ஆற்றங்கரையில் ஃபுல் என்ற வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். அப்பா எஃப், அம்மா யூ, இரட்டைப் பெண்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் எல் என்றே பெயர். முதலில் பிறந்தவள் பெரிய எல், அடுத்தவள் சின்ன எல். பெற்ற தாயே சில நாள் மாற்றிக் கூப்பிடுவாள், அப்படி ஓர் அச்சு. சின்ன எல்லுக்கு அக்கா பக்கத்தில் இல்லாவிட்டால் சோறு இறங்காது. தூங்கும்போதும் அக்காவின் தாவணி முனையை விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள்.

ஒரு ஐப்பசியில் ஆறு பொங்கி, வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நான்கு பேரும் மழையோடு மழையாகக் கிளம்பினார்கள். தெருத்தெருவாக இடம் கேட்டார்கள். எங்கேயும் கிடைக்கவில்லை. கடைசியில் ஹோப் வீட்டுக் கொல்லைப்புறம் வந்து சேர்ந்தார்கள்.

அந்த வீட்டு ஓனர் எச். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ‘ஹூம்’ என்று ஒரு பெருமூச்சு விடுவார். அவர் மனைவி ஓ, வட்ட முகம், எதைக் கேட்டாலும் அதிசயப்படுவாள். மகன் பி. பின்வாசலில் உட்கார்ந்திருப்பது எச்சின் மாமா ஈ. அவருக்குப் பேச்சு வராது. பேசாவிட்டாலும் அவர் அங்கே உட்கார்ந்திருப்பதே அந்த வீட்டுக்கு ஒரு தெம்பு.

எச் குடையோடு வெளியே வந்தார். “ஹூம். போர்ஷன் சின்னது. கிணத்துல தண்ணியும் கம்மி. மூணு பேருக்கு மேல ஆகாது. நீங்க எத்தனை பேர்?”

எஃப் திரும்பிப் பார்த்தார். மனைவி குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தாள். சின்ன எல் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். பெரிய எல் கொஞ்சம் பின்தங்கி, முருங்கை மரத்தடியில் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து எச்சுக்கு அவள் தெரியவில்லை.

“மூணு பேர்தாங்க ஐயா,” என்றார் எஃப். “எங்களுக்கு ஒரே பொண்ணு.”

பாவி மனுஷன், சொல்லிவிட்டார்! எழுத்தூரில் ஒரு வழக்கம் உண்டு. வாயிலிருந்து வந்த சொல் அந்த நிமிஷமே எழுதினதாகிவிடும். அப்புறம் அடித்துத் திருத்த முடியாது.

முருங்கை மரத்தடியில் பெரிய எல்லுக்கும் அது கேட்டது. சின்ன எல் அவளைப் பார்த்தாள். அக்கா உதட்டின்மேல் விரலை வைத்தாள். பிறகு மூட்டையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு மழைக்குள் நடந்து போய்விட்டாள். தங்கை கத்த வாயெடுத்தாள். கத்தினால் அம்மாவுக்கு ஒதுங்க இடமில்லை. தொண்டையோடு அடக்கிக்கொண்டாள்.

கதவைச் சாத்தியதும் யூ பிடித்துக்கொண்டாள். “ஏங்க, எப்படிங்க மனசு வந்துச்சு உங்களுக்கு? பெத்த பொண்ணை இல்லைன்னு சொல்ல நாக்கு எப்படிங்க எழுந்துச்சு?”

“வெள்ளம் வடிஞ்சதும் கூட்டிட்டு வந்துடலாம்னு நினைச்சேன்,” என்றார் எஃப்.

நாலு தெரு தள்ளி ஒய் என்று ஓர் அம்மாள் இருந்தாள். ஒண்டிக்கட்டை. எப்போதும் இரண்டு கையையும் மேலே தூக்கி ‘முருகா’ என்று கும்பிட்டபடியே இருப்பாள். நனைந்து வந்த பெரிய எல்லைப் பார்த்ததும் தூக்கிய கையை இறக்கி, தலையைத் துவட்டிவிட்டாள். “யாரு பெத்த பொண்ணோ, எங்கூட இருந்துட்டுப் போ தாயி,” என்றாள். அன்றிலிருந்து எல் முன்னால், ஒய் பின்னால் என்று இரண்டு பேரும் சேர்ந்து லி என்று ஒரே குடித்தனம் ஆனார்கள். ஸ்லோ வீட்டுப் பின்னால் கொஞ்ச நாள், ஸ்வீட் வீட்டுப் பின்னால் கொஞ்ச நாள். நல்ல மாதிரி என்று தெருவெல்லாம் பெயர்.

ஆனாலும் பொழுது சாயும் நேரத்தில் பெரிய எல் ஹோப் வீட்டுக் கொல்லை மதிலுக்கு வெளியே வந்து நிற்பாள். உள்ளே தங்கையின் குரல் கேட்டால் போதும், திரும்பிப் போய்விடுவாள். அவள் நிற்பது ஈ மாமாவுக்கு மட்டும் தெரியும். அவர் ஒரு கிண்ணம் கஞ்சியை மதில்மேல் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல வானத்தைப் பார்ப்பார். உள்ளே சின்ன எல் அக்காவின் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்து நாளுக்கு நாள் இளைத்துப்போனாள். ஈ மாமா அதையும் பார்த்தார். சொல்லத்தான் வாய் இல்லை.

வெள்ளம் வடிந்தும் ஆற்றங்கரை வீடு இன்னும் குடியிருக்க லாயக்காகவில்லை. தை மாதம் ஒரு காலையில் ஒய்யம்மாளும் பெரிய எல்லும் பாயும் பானையுமாக ஹோப் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார்கள்.

“ஐயா, உங்க கடைசி அறை சும்மா கிடக்காமே. நாங்க ரெண்டு பேர். கொடுப்பீங்களா?” என்று கேட்டாள் ஒய்.

பெரிய எல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் திட்டம் அவளுக்கு. அப்பா சொன்ன சொல்லுக்குப் பழுது வரக்கூடாது. மகளாக உள்ளே போக வழியில்லை, யாரோ ஒருத்தியாகப் பக்கத்து அறையில் இருந்துவிட்டுப் போவோம் என்று நினைத்திருந்தாள். எஃப் அவளைப் பார்த்தார். பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய முகத்தில் கண்ணீர் வழிந்தது.

கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்த சின்ன எல் அப்படியே நின்றாள். வாயை மூடிக்கொண்டால் வீடு நிலைக்கும். ஆனால் இத்தனை நாள் அடக்கியது போதாதா?

“அக்கா!”

குடம் எங்கே உருண்டதோ தெரியாது. ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

எச் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “ஹூம். என்னய்யா எஃப், ஒரே பொண்ணுன்னு சொன்னீர்?”

“சொன்னேங்க ஐயா. மழைக்குப் பயந்து சொல்லிட்டேன். எங்களை இப்பவே காலி பண்ணச் சொன்னாலும் சரி.”

“ஈ மாமா, பின்வாசல்லயே உட்கார்ந்திருக்கீரே, உமக்கும் தெரியாதா?”

ஈ வானத்தைப் பார்த்தார்.

எச் இந்தத் தடவை விட்ட மூச்சு நிஜமாகவே கனத்தது. “மூணு பேருன்னு ஏதோ ஓனர் தோரணைல சொன்னேன்யா. நாலு பேருன்னு உண்மையைச் சொல்லியிருந்தா இன்னொரு பாய் போட்டிருக்க மாட்டேனா? இப்ப சொன்னது சொன்னதாயிடுச்சே. உம்ம போர்ஷன்ல ஒரு எல்தான். அதை என்னாலயும் மாத்த முடியாது.”

எஃப் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதம் மகளை வெளியே நிறுத்தியது ஒன்றுமில்லாததற்கு என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“ஓ!” என்றாள் எச்சின் மனைவி. “ஏங்க, அவங்க போர்ஷன்ல ஒரு எல்தானே இருக்கு? வந்திருக்கிறது வேற குடித்தனம். பக்கத்து அறைல யாரு இருந்தா உங்களுக்கு என்ன?”

எச் யோசித்தார். பெரிய யோசனை ஒன்றுமில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். “ஹூம். அதானே! ஒய்யம்மா, பானையை உள்ளே வைங்க.”

சின்ன எல் இருந்தது அந்த போர்ஷனின் கடைசி மூலை. பெரிய எல் வந்தது அடுத்த அறையின் முதல் மூலை. நடுவில் ஒரு சுவர் பெயருக்கு இருந்தது. அதை ஈ மாமா அன்று மத்தியானமே ஒரு கடப்பாரையால் தட்டிவிட்டார், யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் சின்ன எல் வயிறாரச் சாப்பிட்டாள், அக்காவின் தாவணி முனையைத் தேடிப் பிடித்துச் சுற்றிக்கொண்டு தூங்கிப்போனாள்.

ஃபுல் தன் சொந்த வீட்டில் இருக்கும்போது இன்றைக்கும் இரண்டு பெண்களும் கூடவே இருப்பார்கள். அன்று முதல்தான் அது இன்னொரு சொல்லின் பின்னால் குடிபோனால் ஒரே ஓர் எல்லோடு போகிறது, லி வந்து சேர்ந்தால் மட்டும் இரண்டு எல்லும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஆகவே ஹோப்ஃபுல்லி என்று எழுதும்போது அவசரத்தில் ஓர் எல்லை விட்டுவிடாதீர்கள் சாமி, அந்த அக்கா மழையில் நின்றதெல்லாம் போதும்.