மைனா சொன்ன சிவப்பு

ஆலங்காட்டுக் குளத்தங்கரையில் ஒரு செம்மறிக் கூட்டம் வாழ்ந்தது. மேய்ப்பன் கிடையாது, காவல் நாயும் கிடையாது. தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் ஆடுகள். அந்தக் கூட்டத்துக்கு வைத்தியம் பார்த்தவள் மஞ்சமூக்கி என்கிற மைனா.

வைத்தியம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்குவாள். குளம்பில் முள் தைத்தால் அலகால் பிடுங்குவாள். ஆனால் ஆவணி பிறந்துவிட்டால் அவளுக்கு ராஜமரியாதைதான்! மலையடிவாரத்திலிருந்து முறுக்கன் என்ற கிடா இறங்கி வரும் காலம் அது. அவன் வருவதற்கு முன் பெட்டை ஆடுகள் எல்லாம் மைனாவின் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும்.

அவள் ஒவ்வொரு ஆட்டின் கீழ் இமையையும் மெல்ல இழுத்துப் பார்ப்பாள். உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தால் அந்த ஆடு முறுக்கனோடு இணை சேரலாம். வெளுத்திருந்தால் வயிற்றில் புழு இருந்து ரத்தம் குடிக்கிறது என்று அர்த்தம். அந்த ஆடு மேட்டுக்காட்டுக்குப் போய்விட வேண்டும். அங்கே வேப்பங்கொழுந்து தின்று புழுவை விரட்டி, காய்ந்த புல்லும் வேலங்காயும் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு, பங்குனியில் வரும் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

மைனா சிவப்பு என்றால் சிவப்பு. வெளுப்பு என்றால் வெளுப்பு. மறுபேச்சே கிடையாது.

அந்தக் கூட்டத்தில் செவலி என்றொரு ஆடு இருந்தாள். மைனாவுக்கு உயிர்த்தோழி. போன வருஷம் செவலி ஈன்ற குட்டியை நரி தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அவள் பேச்செல்லாம் அடுத்த குட்டியைப் பற்றித்தான். அதற்கு என்ன பெயர் வைப்பது, எந்த மரத்தடியில் படுக்க வைப்பது என்று மைனாவின் காது புளித்துப்போகும் அளவுக்குப் பேசுவாள்.

குட்டி வேண்டுமென்றால் உடம்பில் சதை வேண்டாமா? அதனால் ஆடி மாதம் முழுக்க, மற்ற ஆடுகள் எழுவதற்கு முன்பே செவலி குளத்தின் ஓரத்துக்குப் போய்விடுவாள். அங்கே புல் தளதளவென்று நிற்கும். ஒவ்வொரு நுனியிலும் பனித்துளி தொங்கும்.

"அக்கா, அந்த ஈரப் புல்லுலதான் புழுக்குஞ்சு ஏறி உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறட்டும், அப்புறம் மேயுங்க!" என்றாள் மைனா.

"இந்தப் புல்லைப் பார்த்துட்டு சும்மா நிக்கச் சொல்றியா? ஆவணிக்குள்ள நான் சதை பிடிக்கணும்டி!" என்றாள் செவலி, மென்றுகொண்டே.

அவள் தின்னும் வேகத்தைப் பார்த்து மைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாளே தவிர, மேலே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆவணி வந்தது. வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றவள் செவலிதான். மைனா அவள் இமையை இழுத்துப் பார்த்தாள். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவசரமாக அடுத்த கண்ணையும் பார்த்தாள். அதுவும் அப்படியே.

"என்னடி இவ்வளவு நேரம்? செவப்புதானே?" என்று கேட்டாள் செவலி.

மைனா அவள் முகத்தைப் பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம். அந்த முகத்தில் அத்தனை ஆசை! வெளுப்பு என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"செவப்புதான் அக்கா! மாதுளம்பூ மாதிரி செவப்பு!" என்றாள்.

பொய் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை ஒருநாளும் போதாது. மாதுளம்பூவையும் கூடச் சேர்த்துக்கொள்வார்கள். செவலி துள்ளிக் குதித்துக்கொண்டு ஓடினாள். நன்றாகத் தின்கிறாள், தானாகச் சரியாகிவிடும் என்று மைனா தன் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

தானாக ஒன்றும் சரியாகவில்லை. ஐப்பசி மழையில் புல் இன்னும் செழித்தது. செவலியின் வயிற்றில் குட்டி ஒரு பக்கம் வளர, புழு ஒரு பக்கம் பெருகியது. கார்த்திகையில் அவள் தாடைக்கு அடியில் பை போல ஒரு வீக்கம் தொங்கியது.

"அடேயப்பா! செவலி அக்காவுக்குக் கன்னம் எப்படி உப்பியிருக்கு பாருங்க!" என்று இளம் ஆடுகள் கண் வைத்தன.

"தாயாகப் போறவ முகத்துல இந்தக் களைகூட இல்லாட்டி எப்படி?" என்று செவலி கழுத்தைத் தூக்கிக் காட்டினாள்.

மைனாவுக்குப் புரிந்துவிட்டது. அது சதையுமில்லை, களையுமில்லை. ரத்தம் வற்றிப்போன ஆட்டுக்குத் தாடையில் கட்டும் நீர் அது. பறந்து வந்து காதோரம் உட்கார்ந்தாள்.

"அக்கா, இப்பவாவது கொஞ்சம் வேப்பங்கொழுந்து தின்னுங்களேன்..."

"அந்தக் கசப்பு எனக்கு எதுக்குடி? நீதானே மாதுளம்பூன்னு சொன்னே!"

எல்லா ஆடுகளும் திரும்பிப் பார்த்தன. இப்போது உண்மையைச் சொன்னால் தன் பெயர் என்னாகும்? இனி யார் தன்னை நம்புவார்கள்?

"வேப்பங்கொழுந்தைச் சும்மாதான் சொன்னேன் அக்கா, உங்களுக்கு அது வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மைனா பறந்துபோனாள். முதல் பொய்யாவது பாசத்தில் சொன்னது. இது தன் மானத்துக்காகச் சொன்னது.

தை மாதத்துக் காலையில் செவலி குட்டி ஈன்றாள். அவளைப் போலவே செந்நிறக் குட்டி. அது தள்ளாடி எழுந்து மடியை முட்டியது. மறுபடியும் முட்டியது. மடியில் ஒரு சொட்டுப் பால் இல்லை. உடம்பில் ரத்தமே இல்லாதபோது பால் எங்கிருந்து வரும்?

"யாராவது ஒரு வாய் பால் குடுங்களேன்! கும்பிடுறேன், யாராவது வாங்களேன்!" என்று மைனா கரை முழுக்கக் கத்திக்கொண்டு பறந்தாள். இரண்டு தாய் ஆடுகள் ஓடி வந்து மடியைக் காட்டின. ஆனால் காம்பைக் கவ்வி இழுக்கக்கூட அந்தக் குட்டிக்குத் தெம்பில்லை. வெயில் உச்சிக்கு வருமுன் அதன் தலை தரையில் சாய்ந்துவிட்டது.

செவலி வெகுநேரம் அதை நக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"மஞ்சமூக்கி, அன்னிக்கு என் கண்ணு நிஜமாவே செவப்பாத்தான் இருந்துச்சா?"

"இல்லக்கா" என்றாள் மைனா. "வெளுத்திருந்துச்சு. உங்க மனசு நோகுமேன்னுதான் மறைச்சேன்."

செவலி திட்டவில்லை. மிதிக்கவும் வரவில்லை.

"வெளுப்புன்னு சொல்லியிருந்தா நான் நாலு நாள் அழுதிருப்பேன்டி" என்றாள். "அழுதுட்டு, கசப்பைத் தின்னுட்டு, பங்குனிக்குக் காத்திருந்திருப்பேன். அவ்வளவுதானே?"

செவலி ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து மேட்டுக்காட்டை நோக்கி நடந்தாள். கூடவே போக மைனா சிறகை விரித்தாள்.

"நீ வர வேண்டாம்" என்றாள் செவலி, திரும்பிப் பார்க்காமல்.

அன்புக்கு உரியவர் முகம் வாடுமே என்று உண்மையை மறைப்பவர், அவருக்கு ஆறவே ஆறாத துயரத்தைத் தேடித் தருகிறார்.