ஸ்டியரிங்கும் அப்பளமும்

"டீச்சர், இந்தக் காரு ஸ்டியரிங்குல கனமே இல்லீங்க" என்றார் நாச்சிமுத்து.

ஜமுனா டீச்சர் பதில் சொல்லவில்லை. சங்ககிரியில் கார் ஓட்டக் கற்றுத்தருபவர் அவர். ஊருக்கு மழை வருவது எப்படியோ, டீச்சருக்குப் பேச்சு வருவதும் அப்படித்தான்.

நாச்சிமுத்து முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். நாக்பூருக்கும் கல்கத்தாவுக்கும் பாரம் ஏற்றிப் போனவர். மகள் வயதுள்ள ஒருத்தியிடம், லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கார் ஓட்டப் படிக்க வந்து நிற்பது அவருக்கு மானக்கேடாக இருந்தது. அதனால் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"லாரி ஸ்டியரிங்குன்னா அது ஸ்டியரிங்கு! ஒரு திருப்புத் திருப்புனா ரெண்டு நாளைக்குத் தோள்பட்டை வலிக்கும். இது என்னங்க, நெனைக்கறதுக்குள்ள திரும்பிப் போயிருது."

"எங்க போச்சு?"

"சோளக்காட்டுக்குள்ளங்க."

வண்டிக்குப் பூஜை போட்ட அன்றைக்கே அது நடந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை எல்லாம் ஒழுங்காகத்தான் நசுக்கினார். கோயிலைத் தாண்டியதும் ஒரு வெள்ளாடு குறுக்கே வந்தது. ஆட்டுக்காக, லாரியைத் திருப்புகிற திருப்பு ஒன்று திருப்பினார். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கார்தான் கதிருக்கு நடுவில் மாலையோடு நின்றது.

பக்கத்து சீட்டிலிருந்து மனைவி மயிலாத்தா இறங்கினாள். சேலையை உதறினாள். ரோட்டுக்கு நடந்து போய், வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.

"காரு நல்லாத்தான் இருக்குதுங்க. நான் பஸ்ஸுல வந்தர்றேன்."

அன்று சாயங்காலம் இன்னொன்றும் சொன்னாள்.

"இனி அந்த வண்டியில என்ற காலு படாது."

மயிலாத்தா சொன்ன சொல் மாறாதவள். நாத்தனாரிடம் பேச மாட்டேன் என்று ஒருதரம் சொன்னவள், அந்த அம்மாள் செத்த வீட்டில்தான் வாயைத் திறந்தாள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு டீச்சர் காரைப் பார்த்தார்.

"எதுக்குங்ணா காரு வாங்குனீங்க?"

நாச்சிமுத்துவுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"லாரியில என்ற பக்கத்து சீட்டுல எப்பவும் கிளீனர்தானுங்க. நான் எத்தனையோ ஊரு பாத்தேன். அவ வீட்டு கேட்டுக்கிட்ட நின்னு கை காட்டுனதோட செரி. ஒருதரமாச்சும் அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு, தைப்பூசத்துக்குப் பழனி வரைக்கும் ஓட்டிட்டுப் போகோணும்னு வாங்குனேன். இப்ப அவ பக்கத்து வீட்டுக்காரிகளோட பஸ்ஸுல போறேங்கறா."

சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. லாரிக்காரர் ஆச்சே, அடக்கிக்கொண்டார்.

"ஓட்டுங்க" என்று டீச்சர் காரில் ஏறினார்.

ஓட்டினார். கடப்பாரையைப் பிடிப்பதுபோல ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டினார். கார் சந்தைக்குப் போகிற மாடு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுங்கியது. எதிரே வந்த பால்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று வண்டியோடு பள்ளத்தில் இறங்கி நின்றுகொண்டார்.

 இறங்கும்போதுதான் டீச்சர் பேசினார்.

"நாளைக்கு அப்பளம் கொண்டாங்க."

"அப்பளமுங்களா?"

"பொரிச்சது."

மறுநாள் நாச்சிமுத்து ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"யாரு பொரிச்சது?"

"மெஸ்ஸுல வாங்குனதுங்க."

டீச்சர் பொட்டலத்தைப் பிரித்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். தின்று முடித்துக் கையைத் தட்டினார்.

"வீட்டுல பொரிச்சது கொண்டாங்க."

வீட்டில் கேட்பது அத்தனை சுலபமாக இல்லை.

"காலங்காத்தால அப்பளமா? எதுக்குங்க?"

"கார் ஓட்ட."

மயிலாத்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சோளக்காட்டில் தலையில் எங்கேயோ பலமாக அடிபட்டிருக்கிறது என்று முடிவுசெய்து, பாவம் பார்த்துப் பொரித்துக் கொடுத்தாள்.

டீச்சர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு அப்பளங்களை வைத்து, அவற்றின் மேல் நாச்சிமுத்துவின் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார்.

"ஒடையாம ஓட்டுங்க."

கார் கிளம்புவதற்கு முன்னாலேயே இரண்டும் பொடிந்து மடியில் கொட்டின.

"ஒடஞ்சா என்னங்க பண்றது?"

"வேற வெச்சுக்கோங்க."

"ரெண்டு கையும் ஸ்டியரிங்குல இருக்குதுங்க டீச்சர். எடுத்து வெக்க இன்னொரு கைக்கு நான் எங்க போவேன்?"

டீச்சர் இறங்கிக் கதவைச் சாத்தினார்.

"ஒடையாத அன்னைக்கு வாங்க."

நாச்சிமுத்து வீட்டு வாசலிலேயே பழக ஆரம்பித்தார். அப்பளத் தட்டைப் பக்கத்து சீட்டில் வைத்தார். முதல் திருப்பத்தில் தட்டு சீட்டுக்கு அடியில் போனது. கீழே குனிந்து பொறுக்கினார். மறுபடி கிளம்பினார். மறுபடி தட்டு போனது.

மயிலாத்தா கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எத்தனை நேரம்தான் பொறுப்பாள்?

"நான் அடுப்புல நின்னு வெந்து பொரிப்பேன், நீங்க நொறுக்கி வெளையாடுவீங்களாக்கும்? குடுங்க அதை!"

கார்க் கதவு திறந்தது. கார்க் கதவு மூடியது.

நாச்சிமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கண் கையிலேயே இருந்தது.

"லேசாப் புடிங்க. லாரியா ஓட்டறீங்க?" என்று ஒரு குரல் கேட்டது. அவர் லேசாகப் பிடித்தார். கார் நேராகப் போனது.

முதல் நாள் ரைஸ் மில் வரைக்கும் போனார்கள். அப்புறம் ரயில்வே கேட். உடைய உடைய மயிலாத்தா மடியிலிருந்த டப்பாவைத் திறந்து வேறு வைத்தாள். வலது கைக்கு வைக்க அவள் குறுக்கே சாய வேண்டியிருந்தது. தலையில் மல்லிகை வைத்திருந்தாள். நாச்சிமுத்துவின் மூக்கிலோ அப்பள வாசம் மட்டும்தான்.

போகிற வழியெல்லாம் அவள் பேசினாள். இது யார் கட்டின வீடு, இந்த வீட்டுப் பெண்ணை எங்கே கொடுத்திருக்கிறார்கள், அவள் ஏன் திரும்பி வந்துவிட்டாள். நாச்சிமுத்து எல்லாவற்றுக்கும் 'ம்' போட்டார். உடைந்த துண்டுகளை அவள் தானும் தின்று, அவர் வாயிலும் போட்டாள். அவர் ரோட்டைப் பார்த்தபடியே மென்றார்.

ஒருநாள் ரயில்வே கேட்டில் பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. சோளக்காட்டுக்குப் பக்கத்தில் அன்றைக்கு அவளை ஏற்றிக்கொண்டு போன அதே கண்டக்டர்.

"ஏனுங்காத்தா, இன்னைக்கு ஏறலீங்களா?"

"கையில வேலை கெடக்குது, நீ போப்பா" என்றாள் மயிலாத்தா.

தைப்பூசம் வந்தது. விடிகாலையில் பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து கூப்பிட்டார்கள். "அடுப்புல எண்ணெய் காயுது, நீங்க போங்க" என்று அனுப்பிவிட்டாள். அன்றைக்கு டப்பா போதாமல், பலகாரம் வைக்கிற பெரிய தூக்குப்போசியை எடுத்துக்கொண்டாள்.

அன்று நாச்சிமுத்துவின் கைக்கு என்னவோ ஆகியிருந்தது. ஈரோடு தாண்டியும் அப்பளம் உடையவில்லை. அவருக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

"திரும்பிரலாமா?"

"போசி நெறைய இருக்குதுங்க. போங்க."

காங்கேயம் வந்தது. தாராபுரம் வந்தது. அவள் போங்க போங்க என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலை தெரிந்தபோது மயிலாத்தா "முருகா!" என்று கை கூப்பினாள். அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு காவடிக் கூட்டம் குறுக்கே வந்தது. நாச்சிமுத்து பிரேக்கை மிதித்தார்.

இரண்டு அப்பளமும் உடைந்தன.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அரோகரா சத்தம் வானத்தைப் பிளந்தது. படியேறும்போதும், சாமி கும்பிடும்போதும், இறங்கும்போதும் அவருக்கு அதே துக்கம்.

மறுநாள் டீச்சர் முன்னால் போய்த் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"கடைசி நிமிசத்துல ஒடஞ்சுபோச்சுங்க. எனக்கு இது வராதுங்க டீச்சர். காரை வித்துப்போடலாம்னு இருக்கறன்."



நாச்சிமுத்து பையிலிருந்து ஒரு பஞ்சாமிர்த டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தாங்க. டீச்சருக்குக் குடுக்கச் சொன்னா."

டீச்சர் மூடியைத் திறந்தார். ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தார்.

"யாரு?"

"அவதானுங்க, மயிலா..."

நாச்சிமுத்துவின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது.

வெளியே காரில் ஹாரன் அடித்தது.

"ஏனுங்க! வெரசா வாங்க, அப்பளம் நமத்துப்போகுது!"